பந்தியின் கடைசியில் நிற்கிற குறி

ஹட்டன்

அன்பு மகளுக்கு,

ஒரு மேற்கோளை உள்ளே தள்ளினால் அத்தியாயம் முழுக்கச் சேர்ந்து உள்ளே போகிறது என்று சொன்னாய். வேர்டில் இதற்கு நாலு காரணம் இருக்கலாம். போனில் சொன்னால் எந்தப் பட்டன், எந்தப் பெட்டி என்று குழம்பிப் போகும், அதனால் எழுதுகிறேன். கம்பியூட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி. தொடங்குவதற்கு முன்னால் ஆய்வேட்டை வேறு பெயரில் ஒரு கொப்பி எடுத்துக்கொள். சோதிப்பதெல்லாம் அந்தக் கொப்பியில்தான்.

கொன்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்து. ஒவ்வொரு பந்தியின் கடைசியிலும் ¶ என்ற குறி தெரியும். என்டர் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் விழுகிற குறி அது. பந்தி இடப்பக்கம் ஒட்டியதா, நடுவிலா, எவ்வளவு உள்ளே, வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி, மேலே கீழே எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அந்தக் குறியோடுதான் சேர்ந்திருக்கிறது. அதனால் ஒரு பந்தியின் அமைப்பை மாற்ற அதை முழுக்க செலக்ட் பண்ணத் தேவையில்லை. கர்சர் அந்தப் பந்திக்குள் எங்காவது நின்றால் போதும். எழுத்தின் தடிப்பு, நிறம், அளவு வேறு கதை. அதற்கு வேண்டிய சொற்களை செலக்ட் பண்ணத்தான் வேண்டும்.

பந்தியின் கடைசியில் நின்று என்டர் அடித்தால் புதுப் பந்தியும் பெரும்பாலும் அதே அமைப்போடுதான் பிறக்கும். இரண்டு பந்திக்கு நடுவில் இருக்கிற ¶ குறியை அழித்தால் இரண்டும் ஒன்றாகி, ஒன்றின் அமைப்பு காணாமல் போய்விடும். மேற்கோள் திடீரென்று சாதாரணப் பந்தியாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். இந்தக் குறிகளை மறைக்காமல் வைத்துக்கொண்டே வேலை செய். பிரிண்டில் அவை விழாது.

இப்போது முதல் காரணம். உன் மூன்றாம் அத்தியாயத்தைத் திற. பந்தி முடிகிற இடங்களில் ¶ இல்லாமல், வளைந்த அம்பு ↵ நிற்கிறதா பார். அப்படி நின்றால் கண்ணுக்குப் பத்துப் பந்தியாகத் தெரிவது வேர்டுக்கு ஒரே பந்தி. ஷிப்ட்டோடு என்டர் அடித்தால் விழுகிற குறி அது; வரியை மட்டும் உடைக்கும், பந்தியை முடிக்காது. இணையப் பக்கத்திலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் எடுத்து ஒட்டுகிறவற்றில் இது நிறைய வரும். கொன்ட்ரோலோடு எச் அழுத்தினால் ரீப்ளேஸ் பெட்டி வரும். அதில் 'மோர்', பிறகு 'ஸ்பெஷல்'. தேடுகிற கட்டத்தில் 'மேனுவல் லைன் பிரேக்', மாற்றுகிற கட்டத்தில் 'பரக்ராப் மார்க்'. அத்தியாயம் முழுக்க ஒரேயடியாக மாற்றிவிடாதே. நாட்டார் பாடல்கள் இருக்கிற பக்கங்களில் அந்த அம்பு வேண்டும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது காரணம் மேலே இருக்கிற ரூலர். அதன் இடது முனையில் சின்ன முக்கோணங்கள் இரண்டும், கீழே ஒரு சிறிய கட்டமும் இருக்கும். மேல் முக்கோணம் முதல் வரிக்கு, கீழ் முக்கோணம் மற்ற வரிகளுக்கு, கட்டத்தைப் பிடித்து இழுத்தால் பந்தி முழுக்க நகரும். இவை கர்சர் நிற்கிற பந்தியை மட்டும் தொடும். ஆனால் அதே இடத்தில்தான் ரூலரின் சாம்பல் நிறமும் வெள்ளையும் சந்திக்கிற கோடும் இருக்கிறது. அதைப் பிடித்து இழுத்தால் நகர்வது பக்கத்தின் ஓரம், அதாவது அந்த செக்ஷன் (ஒரே பக்க அமைப்பில் இருக்கிற பகுதி) முழுக்க. நீ செக்ஷன் பிரேக் போடாத பைலில் முழு ஆய்வேடுமே ஒரு செக்ஷன்தான். இரண்டுக்கும் இடையில் ஒரு மயிரிழைதான் இருப்பதால் மவுஸால் இழுப்பதை விட்டுவிடு. கர்சரைப் பந்திக்குள் வைத்து வலது கிளிக், 'பரக்ராப்' என்ற பெட்டி, அதில் எண்ணாகக் கொடு. லேஅவுட் பட்டியில் 'மார்ஜின்ஸ்' இருக்கிற பக்கமே போகாதே. ஓரம் பக்கத்துக்கு உரியது, உள்தள்ளல் பந்திக்கு உரியது.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். வேர்டில் எந்தப் பந்தியும் ஏதாவது ஒரு ஸ்டைலில்தான், அதாவது பெயர் வைத்துச் சேர்த்துவைத்த ஒரு அமைப்பில்தான் இருக்கும். நீ ஒன்றும் செய்யாவிட்டால் அது 'நோர்மல்'. தலைப்பு, அடிக்குறிப்பு என்று மற்ற ஸ்டைல்களில் பெரும்பாலானவை நோர்மலை அடிப்படையாக வைத்துத்தான் எழுந்து நிற்கின்றன. ஸ்டைல் வரிசையில் நோர்மலை வலது கிளிக் செய்து 'மொடிஃபை' என்று போய் மாற்றினாலும், 'அப்டேட் நோர்மல் டு மெச் செலக்ஷன்' என்பதைத் தெரியாமல் அழுத்தினாலும், ஒரு பந்திக்கு வேண்டியது எல்லாப் பந்திக்கும் போய்விடும். பரக்ராப் பெட்டியின் அடியில் இருக்கிற 'செட் அஸ் டிஃபோல்ட்' பட்டனும் அதே ஆபத்துத்தான். அது இந்த பைலுக்கா, இனி எழுதுகிற எல்லா பைலுக்குமா என்று வேறு கேட்கும். 'ஓகே'யை மட்டும் அழுத்திப் பழகு.

நாலாவது, மொடிஃபை பெட்டியின் அடியில் 'ஒட்டோமெட்டிக்கலி அப்டேட்' என்று ஒரு சின்னக் கட்டம். அதில் சரிக்குறி விழுந்திருந்தால் அந்த ஸ்டைலில் உள்ள ஒரு பந்தியை நடுவில் கொண்டுவந்தாலும் அதே ஸ்டைலில் உள்ள எல்லாமே நடுவுக்கு வரும். நோர்மலுக்கு இந்தக் கட்டம் காட்டாது, மற்றவற்றுக்குக் காட்டும். வேறொருவரின் பைலை மாதிரியாக வைத்து எழுதத் தொடங்கியிருந்தால் இதைக் கட்டாயம் பார். சரிக்குறியை எடுத்துவிட்டால் முடிந்தது.

எந்தப் பந்தியில் என்ன நடந்திருக்கிறது என்று தெரியவேண்டுமானால் கர்சரை அதில் வைத்து ஷிப்ட்டோடு எஃப் 1 அழுத்து. வலப்பக்கம் ஒரு பட்டியல் வரும். அதன் அடியில் 'டிஸ்டிங்விஷ் ஸ்டைல் சோர்ஸ்' என்பதைச் சரியிடு. ஸ்டைலிலிருந்து வந்தது எது, நீ கையால் செய்தது எது என்று பிரித்துக் காட்டும். கையால் செய்த பந்தி அமைப்பு வேண்டாமென்றால் கொன்ட்ரோலோடு கியூ. அந்தப் பந்தி மட்டும் தன் ஸ்டைலின் அமைப்புக்குத் திரும்பும், பக்கத்துப் பந்தி அசையாது.

இனி மேற்கோளுக்கு வருவோம். ஒரே ஒரு இடத்தில் வருகிற விஷயத்தைக் கையால் செய்யலாம், குற்றமில்லை. பரக்ராப் பெட்டியில் இடது 1.27, வலது 1.27 சென்ரிமீற்றர் (அங்குலம் காட்டினால் 0.5), மேலே 6, கீழே 6 பொயின்ட் என்று கொடுத்தால் போதும். ஆனால் உன் ஆய்வேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களின் வாய்மொழி பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்திலிருந்தும் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திலிருந்தும் நீண்ட பகுதிகள் வேறு. இதற்கெல்லாம் கையால் செய்தால், உள்தள்ளலைக் குறைக்கச் சொல்லி மேற்பார்வையாளர் கேட்கிற அன்று ஒவ்வொன்றாகத் தேடி ஓடவேண்டிவரும்.

ஆகவே தனி ஸ்டைல் ஒன்று செய். மேற்கோள் பந்தி ஒன்றை வேண்டிய மாதிரிச் சரிசெய்து, கர்சரை அதிலேயே வை. கொன்ட்ரோல், ஓல்ட், ஷிப்ட், எஸ் நாலையும் சேர்த்து அழுத்தினால் ஸ்டைல் பட்டியல் வரும். அதன் அடியில் முதலாவது பட்டன் 'நியூ ஸ்டைல்'. பெயர்: வாய்மொழி. வகை: பரக்ராப். 'பேஸ்ட் ஒன்' என்ற இடத்தில் நோர்மல். அதற்கடுத்த 'ஃபொலோயிங் பரக்ராப்' என்பதில் உன் சாதாரணப் பந்தியின் ஸ்டைலைக் கொடு. அப்போது மேற்கோளை முடித்து என்டர் அடித்ததும் அடுத்த பந்தி தானாகவே ஓரத்துக்குத் திரும்பிவிடும். கீழே 'ஒன்லி இன் திஸ் டொக்கியுமென்ட்' என்றே இருக்கட்டும். சட்டப் பகுதிக்கு இன்னொன்று, பாடலுக்கு இன்னொன்று. ஆய்வேட்டின் சாதாரணப் பந்திகளையும் நோர்மலில் விடாமல் 'பொடி டெக்ஸ்ட்' ஸ்டைலுக்கு மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. வரி இடைவெளியைக் கூட்டச் சொன்னால் அதை மட்டும் மாற்றலாம். நோர்மல் அசையாது, மேற்கோளும் அட்டவணையும் தலைப்பும் அப்படியே இருக்கும்.

தாலாட்டும் ஒப்பாரியும் எழுதுகிற பக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் என்டர் அடிக்காதே. அடி முடிவில் ஷிப்ட்டோடு என்டர், கண்ணி முடிவில் மட்டும் என்டர். அப்போது ஒரு கண்ணி ஒரு பந்தி. ஒரே அமைப்பில் நிற்கும், மேலே கீழே இடைவெளியும் கண்ணிக்குக் கண்ணிதான் விழும். பரக்ராப் பெட்டியின் இரண்டாம் பக்கத்தில் 'கீப் லைன்ஸ் டுகெதர்' என்பதைச் சரியிட்டால் கண்ணி இரண்டு பக்கத்துக்கு உடையாது. பாடல் ஸ்டைல் இடப்பக்கம் ஒட்டியதாகவே இருக்கவேண்டும். இரண்டு ஓரமும் சமப்படுத்தினால் அம்புக் குறியில் முடிகிற மூன்று சொல் அடியும் பக்கம் முழுக்க இழுபட்டு, சொல்லுக்குச் சொல் பெரிய ஓட்டை விழும்.

வரி இடைவெளியில் 'எக்ஸாக்ட்லி' என்பதைத் தமிழுக்குப் போடாதே. எழுத்து எவ்வளவு உயரமானாலும் வேர்ட் அந்த அளவோடு வெட்டிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியும் இகர ஈகாரச் சுழிகளும் மேலே இருப்பதால் முதலில் அடிபடுவது அவைதான். 'பெரட்டுக்களம்' என்பதில் க் மேலே இருக்கிற புள்ளி போனால் வாசிக்கிறவர் என்ன செய்வார்? 'அட் லீஸ்ட்' போட்டு, 12 அளவு எழுத்துக்கு 20 பொயின்டில் தொடங்கிப் பார். தமிழ் வரிக்கு நடுவில் ஒரு சிங்களச் சொல்லோ ஆங்கிலச் சொல்லோ வந்தால் அந்த வரி மட்டும் விலகி நிற்பதும் இதனால் குறையும். வேறு எழுத்துருவின் உயரம் வேறு என்பதால்தான் அது நடக்கிறது.

இன்னொன்று. ஸ்டைலில் எழுத்தின் அளவை மாற்றியும் தமிழ் எழுத்து மாறவில்லை என்றால், மொடிஃபை, 'ஃபோர்மட்', 'ஃபொன்ட்' என்று உள்ளே போ. ஆங்கில எழுத்துக்கு ஓரிடம், 'கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று கீழே இன்னோரிடம் இருக்கும். தமிழுக்கு உரியது கீழே இருப்பது. நிர்மலா யூஐயோ லதாவோ, எழுத்துருவையும் அளவையும் அங்கே கொடு.

பழைய அறிக்கைகளிலிருந்து எடுத்த பகுதிகள் உன் பைலில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அங்கேதான் மிகக் கவனம் வேண்டும். பாமினி யூனிகோட் அல்ல. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டுகிறது. எழுத்துரு மாறிய நிமிடம் 'அம்மா' என்றிருந்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். கொன்ட்ரோலோடு கியூ அடித்தால் பந்தி அமைப்பு மட்டும் போகும், எழுத்து தப்பும். கொன்ட்ரோலோடு ஸ்பேஸ் அடித்தால் கையால் கொடுத்த எழுத்துருவும் போய்விடும். ஸ்டைல் கொடுக்கும்போதும் இதே சிக்கல் உண்டு: கையால் கொடுத்த எழுத்துரு பந்தியின் பாதிக்குமேல் இருந்தால் புது ஸ்டைல் அதைத் துடைத்துவிடும், பாதிக்குக் குறைவாக இருந்தால் விட்டுவைக்கும். ஆகவே முழுப் பாமினிப் பந்திக்கு 'வாய்மொழி' ஸ்டைல் கொடுத்தால் அது குப்பையாகத் தெரியும். முதலில் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கு, ஸ்ரீ, ஜ, ஷ வருகிற இடங்களைக் கண்ணால் சரிபார், ஸ்டைல் அதற்குப் பிறகு. ஒட்டும்போது 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்று ஒட்டினால் பழைய பைலின் ஸ்டைல்கள் உன் பைலுக்குள் குடியேறாது.

ஒப்பந்தத்தின் கணக்கு அட்டவணை — 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை என்ற அந்தப் பக்கம் — அகலமாக வேண்டும் என்றாய். பக்கத்தைத் திருப்புவது பந்தி அமைப்பால் முடியாது. அட்டவணைக்கு முன்னும் பின்னும் லேஅவுட் பட்டியில் 'பிரேக்ஸ்', 'நெக்ஸ்ட் பேஜ்' என்று செக்ஷன் பிரேக் போட்டு, நடுவில் உள்ளதை மட்டும் 'லான்ட்ஸ்கேப்' ஆக்கு.

பல்கலைக்கழகக் கம்பியூட்டரில் வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஒபீஸ் இருந்தால் ஸ்டைல் பட்டியல் எஃப் 11இல், குறிகள் கொன்ட்ரோலோடு எஃப் 10இல். அதில் கொன்ட்ரோலோடு எம் என்றால் கையால் செய்த அமைப்பெல்லாம், எழுத்தின் அமைப்பும் சேர்த்து, நீங்கும். வேர்டில் அதே எம் பந்தியை உள்ளே தள்ளும். பழக்கத்தில் மாறி அடித்துவிடாதே, பாமினி இருக்கிற பைலில் முக்கியமாக.

எது நடந்தாலும் பைலை மூடாதே. கொன்ட்ரோலோடு இசெட் ஒரு தடவை அழுத்தி, என்ன திரும்பியது என்று பார்த்து, பிறகு அடுத்த தடவை அழுத்து. பிரிண்ட் கடைக்கு வேர்ட் பைலைக் கொடுக்காமல் பீடீஎப் ஆக்கிக் கொடு. அவர்களின் கம்பியூட்டரில் உன் எழுத்துரு இல்லாவிட்டால் வரிகள் இடம் மாறிப் பக்க எண்ணும் பிசகும்.

மூன்றாம் அத்தியாயத்தை முடித்ததும் வேர்ட் பைலாகவே எனக்கு அனுப்பு. ஸ்டைல் பட்டியலைப் பார்த்தால் எங்கே கையால் செய்திருக்கிறாய் என்று தெரிந்துவிடும், அந்தப் பக்க எண்களைக் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா