ஆள்மாறாட்டம் செய்தது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிஸ்னி பிளஸ்ஸில் வந்த ‘சஸ்பெக்ட்’ தொடருக்குச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்ட விமர்சனம் நன்றாகவே இருந்தது. தலைப்புதான் உறுத்தியது: ‘ஆள்மாறாட்டத்தில் பலியான இளைஞர்’. ஆள்மாறாட்டம் என்றால் ஒருவனுக்குப் பதில் இன்னொருவன் பரீட்சை எழுதுவது, அடுத்தவன் பெயரில் ஓட்டுப் போடுவது. தெரிந்தே செய்கிற மோசடி. ஜீன் சார்லஸ் டி மெனேசெஸ் யார் வேடமும் போடவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பிய 27 வயது பிரேசில் எலக்ட்ரீஷியன், அவ்வளவுதான். குண்டு வைத்தவன் என்று நினைத்து லண்டன் போலீஸ் அவரை ரயிலுக்குள் சுட்டுக் கொன்றது.

2005 ஜூலை 22. முந்தின நாள் லண்டனில் வெடிக்காமல் போன குண்டுப் பை ஒன்றில் ஜிம் அட்டை கிடைக்கிறது. அதை வைத்து ஹுசைன் உஸ்மான் என்பவரைத் தேடி, ஸ்கோஷியா ரோட்டில் ஒரு குடியிருப்பின் பொதுவாசலைப் போலீஸ் கண்காணிக்கிறது. தேடிய வீடு 21, மெனேசெஸ் இருந்த வீடு 17. இவர் வெளியே வந்த நேரம் பார்த்து, வேனுக்குள் கேமராவோடு இருந்தவர் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். படம் எடுக்கவில்லை. இன்னொருவரும் பார்ப்பது நல்லது என்று மட்டும் ரேடியோவில் சொன்னார்.

அப்புறம் பஸ். பிரிக்ஸ்டனில் இறங்குகிறார், ரயில் நிலையம் மூடியிருக்கிறது, திரும்பவும் பஸ்ஸில் ஏறுகிறார். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். பின்தொடர்ந்தவர்களுக்கு அது கண்ணில் மண்ணைத் தூவும் வேலையாகத் தெரிந்தது.

உங்கள் விமர்சகர் துப்பாக்கிச் சூட்டைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறார். எனக்கு அதன் பிறகு நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. தடித்த கோட்டு போட்டிருந்தார், டிக்கெட் தடுப்பைத் தாண்டிக் குதித்து ஓடினார் என்று அன்றே கதை பரவிவிட்டது. அப்போது நான் லண்டனுக்கு வந்து இரண்டு வருடம். அன்றிரவு ஊருக்குப் போன் போட்டபோது, “ஓடினா சுடத்தானேம்மா செய்வான், நின்னிருக்கலாம்ல” என்று அம்மாவிடம் நானே சொன்னேன்.

அவர் போட்டிருந்தது மெல்லிய டெனிம் ஜாக்கெட். ஸ்டாக்வெல் நிலையத்தில் இலவசப் பேப்பர் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆய்ஸ்டர் என்ற பயண அட்டையைத் தடுப்பில் தொட்டுவிட்டு நடந்துதான் உள்ளே போனார். ஓடியது கடைசியில், நின்றிருந்த ரயிலைப் பிடிக்க. இதெல்லாம் ஆகஸ்டில் விசாரணை ஆவணங்கள் ஐடிவி தொலைக்காட்சிச் செய்திக்குக் கசிந்த பிறகுதான் வெளியே வந்தது. கசியவிட்டவர், போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையத்தில் வேலை பார்த்த ஒரு செக்ரட்டரி. தொடரில் அவர் வருகிறார். உங்கள் விமர்சனத்தில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை.

2007-இல் தீர்ப்பு வந்தது. எந்த அதிகாரி மீதும் தனியாக வழக்கு இல்லை. லண்டன் போலீஸ் துறைக்கு 1,75,000 பவுண்டு அபராதம், அதுவும் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ். சாரம் சரியாகக் கட்டாத காண்ட்ராக்டர் மீது பாய்கிற சட்டம் அது! மறுவருடம் மரண விசாரணை நடந்தபோது, சுடுவதற்கு முன் ‘ஆயுதப் போலீஸ்’ என்று குரல் கொடுத்ததாகச் சொன்னதை ஜூரிகள் ஏற்கவில்லை.

ஸ்டாக்வெல் நிலைய வாசலில் 2010 முதல் அவர் முகம் மொசைக்கில் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். உங்கள் இணையப் பதிப்பிலாவது அந்தத் தலைப்பை மாற்றிவிடுங்கள். ‘போலீஸ் ஆள் தெரியாமல் சுட்ட இளைஞர்’ என்று போட்டால்கூடப் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தெற்கு லண்டன்