மகளிர் தையல் பிரிவு: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஓய்வுபெற்ற போர் விமானங்களை வைத்திருக்கும் காட்சியகங்களுக்கு, அவ்விமானங்களைப் போர்த்தும் மூடிகள் தைத்துத் தருவதே இவ்வாண்டும் நம் முதன்மைப் பணி. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சேலத்தின் அம்மாப்பேட்டை, குகைப் பகுதித் தையல்காரப் பெண்கள்.

அதிக நேரம் பிடித்தது, இந்தியாவில் உருவான மாருத் போர் விமானத்தின் காற்றுவழி (எஞ்சினுக்குக் காற்று நுழையும் வாய்) மூடி. 1961 ஜூன் 17இல் முதன்முதலாகப் பறந்த இந்த இரட்டை எஞ்சின் விமானத்தின் காற்றுவழிகளில் அரைக்கூம்பு நிற்கிறது. ஆகவே வட்டமாக வெட்டினால் உட்காராது. பிறை வடிவம் வேண்டும். இடமும் வலமும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் தனித்தனிக் காகித அளவு எடுக்க வேண்டும். உலோகத்தின் மேல் பென்சில் படவே கூடாது. கிராஃபைட் பட்ட இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். உள்ளே வைப்பது நீர் உறிஞ்சாத 50 மி.மீ. ஃபோம்; மெத்தை ஸ்பாஞ்ச் மழையைக் குடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். அளவைவிட 10 மி.மீ. கூடுதலாக வெட்டினால் இறுகி நிற்கும். அடிவிளிம்பில் காற்றோட்டத்துக்கு நுண்வலை. இரு மூடிகளையும் இணைக்க ஒரு சிவப்பு நாடா. ஒன்றைக் கழற்றி மற்றதை மறப்பது அதனால் நின்றுபோகும்.

விமானத்தின் வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய்க்கு உறை சிறியதுதான். அது இல்லாவிட்டால் குளவி மண்ணை அடைத்துவிடும்.

விமானி அறைக் கண்ணாடிக்கு உள்பக்கம் ஃபிளானல் வைத்துத் தைக்கிறோம். போர்த்துமுன் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உலர்துணியால் துடைத்தால் தூசியே கீறும். தின்னர், பெட்ரோல் பட்டால் அந்தக் கண்ணாடியான பெர்ஸ்பெக்ஸ் (அக்ரிலிக் பிளாஸ்டிக்) வெடிப்புக் கோடு விடும். கயிறு கோக்கும் துளைக்கான பித்தளை ஐலெட்டுகளை முற்றிலும் நிறுத்தியாயிற்று. அவை அலுமினியத்தில் உரசுவதோடு, ஈரத்தில் அரிப்பையும் கிளப்பும். நாடா வளையம் போதும். பருத்தி நூல் மட்கும், நைலான் வெயிலில் நைந்துபோகும். பாலியெஸ்டர் நூலே தாங்கும்.

ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் தொங்கவிட்ட மாதிரிகளில் பருத்திக் கித்தான் கரும்பூஞ்சை பிடித்தது; அக்ரிலிக் துணி சீக்கிரம் உலர்ந்தது. லாரித் தார்ப்பாய் நன்கொடை இனி வேண்டாம், நல்ல மனதோடு தந்தாலும். இரவில் அடியில் வியர்க்கும் நீர் வெளியேற வழியின்றி உலோகத்தைத் தின்கிறது. அப்படிப் போர்த்துவதைவிடச் சும்மா விடலாம்.

அளவெடுக்கச் செல்வோர் விமானி அறைக்குள் இறங்கக் கூடாது. பழைய கருவிகளின் ஒளிரும் பூச்சில் ரேடியம் இருக்கலாம். ஆபத்தில் விமானியை வெளியே வீசும் வெளியேற்ற இருக்கையின் வெடித்தோட்டாக்கள் நீக்கப்பட்டதையும் காட்சியகத்தார் எழுத்தில் தர வேண்டும்.

கனத்த துணி தைக்க இரண்டாவது மெஷின் வாங்க அவையின் ஒப்புதல் கோருகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்
சேலம்