தண்டையார்பேட்டை, எங்கள் தெரு குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்காக இந்த அறிக்கையை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறேன். அங்கே மட்டும் எல்லோரும் ஆஜர்.

பொங்கல் விழாவும் சுதந்திர தினக் கொடியேற்றமும் வழக்கம்போல் நடந்தன. மழைநீர் வடிகாலைத் தூர்வார மனு கொடுத்தோம். தெருநாய் விவகாரம் அப்படியே இருக்கிறது.

பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்க்கும் 'வெளிச்சமும் இருட்டும்' திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "டார்ச் லைட்டுக்கு எதுக்கு சங்கப் பணம்?" என்று கேட்டவர்கள் உண்டு. வாங்கியது சில டார்ச், பேட்டரி, கலர் செலோபன் தாள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் வீட்டில் கிடந்த பொருள்கள். செருப்புப் பெட்டியின் ஒரு பக்கம் குண்டூசியால் துளை, எதிர்ப்பக்கம் எண்ணெய் தடவிய தாள். தலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்த்தால் எதிர்மாடிக் கொடியில் காயும் லுங்கி தலைகீழாகத் தொங்குகிறது. ஒளி நேர்கோட்டில் போவதால் மேலிருந்து வருவது துளை வழியாகக் கீழே விழுகிறது. இதைப் பிள்ளைகளே சொன்னார்கள். டம்ளர் தண்ணீரில் சில சொட்டுப் பால் விட்டு டார்ச் அடித்தார்கள். பக்கவாட்டில் லேசான நீலம், எதிரே நின்று பார்த்தால் மஞ்சள். நீலம் பக்கவாட்டில் சிதறிவிடுவதால் நேரே வருவதில் மஞ்சள்தான் மிஞ்சுகிறது; சூரிய ஒளிக்குக் காற்றிலும் இதே கதைதான். காசிமேட்டில் விடியும்போது சூரியன் ஏன் சிவக்கிறது என்பதற்கு இதைவிட மலிவான பாடம் கிடையாது.

ஏப்ரல் 24 அன்று மொட்டைமாடியில் பிவிசி குழாயை நேராக நிறுத்தினோம். உச்சி வெயிலில் தினமும் நிழல் மறையும் என்றுதான் பெரியவர்களே நினைத்திருந்தார்கள். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருப்பதால் ஆண்டில் இரண்டே நாள்தான் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். 12 மணி 7 நிமிடத்துக்கு நிழல் குழாயின் அடியிலேயே ஒடுங்கியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்து, அப்புறம் அவரும் நின்று பார்த்தார். செயற்குழுவிலிருந்து ஒருவரும் மாடி ஏறவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் சரிபார்த்துவிட்டார்; கையிருப்பு இருக்கிறது, மிச்சம் என்று சொல்லும்படி இல்லை. சந்தா பாக்கி ஏறக்குறைய பாதி வீடுகளில் நிற்கிறது. பெயர் சொல்ல விரும்பவில்லை. திட்டத்தைக் குறை சொன்னவர்களில் சிலரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

ஒத்துழைத்த தலைவர், துணைத் தலைவர், மாடியைத் திறந்துவிட்ட வீட்டு உரிமையாளர், நாற்காலி கொடுத்த பந்தல்காரர் அனைவருக்கும் நன்றி.

நிழல் மறையும் அடுத்த நாள் ஆகஸ்ட் 18. பிள்ளைகள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வேறு யாராவது செயலாளராக முன்வந்தால் சாவியைச் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன். இல்லையென்றால் நானே பார்க்கிறேன், ஆனால் பேட்டரிக்கு இனியும் என் கைக்காசைப் போட முடியாது. பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்