ஆண்டறிக்கை: கூடு இல்லை, பந்தல்

சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு கூட்டம் என்றுதான் ஆரம்பித்தோம். மழையால் ஒன்று, என் மறதியால் ஒன்று என இரண்டு நடக்கவில்லை. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டு பேசியதில் பாதி ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் வாழும் பவர்பறவைகளை (bowerbird) பற்றித்தான்.

முதலில் ஒரு திருத்தம். போன ஆண்டறிக்கையில் 'அழகான கூடு கட்டும் பறவை' என்று எழுதியிருந்தேன். தப்பு, அது கூடே இல்லை. பெண் பறவை வேறெங்கோ தனியாகக் கூடு கட்டி, தனியாகவே குஞ்சுகளை வளர்க்கிறது. ஆண் தரையில் கட்டுவது பெண்ணை வரவழைத்து ஆடிக்காட்ட ஓர் இடம், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் கூட்டத்தில் பெண் உறுப்பினர்கள் சிரித்த சிரிப்பைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

அதில் சாட்டின் பவர்பறவை என்ற இனத்துக்கே இரண்டு கூட்டம் போனது. குச்சிகளை நட்டு எதிரெதிரே இரண்டு சுவர், நடுவில் நடைபாதை. செடிகொடிகளை மென்று எச்சிலோடு சேர்த்து உட்புறம் பூச்சு வேறு. வாசலில் நீலச் சிறகு, நீலப்பூ, கிடைத்தால் பாட்டில் மூடி, துணி கிளிப். சிவப்பாக எதையாவது வைத்தால் தூக்கி அப்பால் போட்டுவிடும். பக்கத்து ஆண் இல்லாத நேரம் பார்த்து அதன் நீலச் சாமான்களைத் திருடுவதும், கட்டியதைக் கலைத்துப்போடுவதும் சகஜம். இத்தனை வித்தையும் சும்மா வருவதில்லை: ஆணுக்குக் கருநீல இறகு முழுதாக வரவே ஏழு வருடம் போல ஆகிறது, அதுவரை மற்றவர்கள் கட்டுவதைப் பார்ப்பதும் அரைகுறையாகக் கட்டிப் பழகுவதுமாகத்தான் காலம் ஓடும்.

பெரிய பவர்பறவை என்ற இன்னோர் இனம் பற்றிய கூட்டத்தில்தான் சண்டையே வந்தது. அது கல், எலும்பு, சிப்பிகளை முற்றத்தில் பரப்பும்போது சிறியவற்றை அருகிலும் பெரியவற்றைத் தூரத்திலும் வைக்கிறது. நடைபாதைக்குள் நின்று பார்க்கும் பெண்ணின் கண்ணுக்கு எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரியும். 2010இல் வெளியான ஓர் ஆய்வில் ஜான் எண்ட்லரும் குழுவினரும் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிப் பார்த்தார்கள், மூன்றே நாளில் பறவைகள் பழையபடி அடுக்கிவிட்டன. இது கணக்குப் போட்டுச் செய்வதா, கண்ணுக்குச் சரியாகப் படும்வரை நகர்த்திக்கொண்டே இருப்பதா? நான் இரண்டாவது கட்சி. தலைவர் முதல் கட்சி, இன்னும் விடவில்லை.

ஃபோகல்கோப் பவர்பறவைக்குப் புரொஜெக்டர் பாதியில் நின்றதால் படம் காட்ட முடியவில்லை, அது பெரிய குறை. இத்தாலியத் தாவரவியலாளர் பெக்காரி நியூ கினியின் ஆர்ஃபக் மலைகளில் பார்த்து வியந்த பறவை அது. குடிசை மாதிரி கூரை, முன்னால் பூக்கள், பழங்கள், வண்டின் இறக்கை ஓடுகள் நிறவாரியாகக் குவியல் குவியலாக. கட்டியவரோ பார்க்க மங்கலான பழுப்பு. அழகையெல்லாம் உடம்பிலிருந்து கழற்றி வாசலில் வைத்துவிட்டது என்று ஓர் உறுப்பினர் சொன்னார். சாட்டின் ஆண் பளபளவென்று இருந்துகொண்டே கட்டுகிறதே என்று இன்னொருவர் மடக்கினார். இரண்டும் பதிவாகியிருக்கின்றன.

தமிழில் இந்தக் கட்டடத்தை எப்படிச் சொல்வது என்பதும் முடிவாகவில்லை. 'குடில்' என்றால் யாரோ குடியிருப்பது போல இருக்கிறது, ஆகவே என் ஓட்டு 'பந்தல்'. அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு, வராதவர்கள் அப்புறம் குறை சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
செயலாளர்