அந்த விசில் பெர்லினுக்கு அடித்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராக் பேலட்கள், அதாவது மெதுவான ராக் பாட்டுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஜெர்மன் ராக் குழுவான ஸ்கார்பியன்ஸின், விசிலோடு தொடங்கும் ‘விண்ட் ஆஃப் சேஞ்ச்’ பாட்டு வரும் இடத்தில்தான் இடறியது. பெர்லின் சுவர் விழுந்ததைக் கொண்டாட எழுதிய பாட்டு என்று போட்டிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. நானே பல வருஷம் அப்படி நினைத்து, நாலு பேரிடம் அடித்தும் பேசியிருக்கிறேன்.

அந்தப் பாட்டின் ஊர் மாஸ்கோ. 1989 ஆகஸ்ட்டில் அங்கே லெனின் ஸ்டேடியத்தில் இரண்டு நாள் ராக் விழா. பான் ஜோவி, ஓசி ஆஸ்போர்ன் எல்லாரும் போயிருந்தார்கள். காவலுக்கு நின்ற சோவியத் செஞ்சேனை வீரர்கள் கூட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மேடைப் பக்கம் திரும்பித் தொப்பியைத் தூக்கி வீசினார்களாம். ஓர் இரவு எல்லாருமாக மாஸ்க்வா ஆற்றில் படகேறி கார்க்கி பூங்காவுக்குப் போனார்கள். இதெல்லாம் மனதில் தங்கி, பாடகர் கிளவுஸ் மைனே செப்டம்பரில் பாட்டை எழுதினார். சுவர் திறந்தது நவம்பர் 9. வரிகளைக் கேளுங்கள்: ஆறு இருக்கிறது, பூங்கா இருக்கிறது, ரஷ்யத் தந்தி வாத்தியமான பாலலைக்கா கூட இருக்கிறது. சுவரும் இல்லை, பெர்லினும் இல்லை.

அப்புறம் ஏன் இந்தக் குழப்பம்? பாட்டு வெளியான நேரம்தான் காரணம் என்பது என் எண்ணம். ‘கிரேஸி வேர்ல்ட்’ ஆல்பம் வந்ததே 1990 நவம்பரில். அதற்குள் ஜெர்மனி ஒன்றாகிவிட்டது. இசைத்தட்டுக் கம்பெனி முதலில் இறக்கியதும் இதை அல்ல, ஒரு வேகப் பாட்டை. இது சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக வந்தபோது 1991 ஜனவரி. வீடியோவில் சுவர்க் காட்சிகளையும் சேர்த்துவிட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்ட்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்து தோற்றது. அதே மாதக் கடைசியில் பாட்டு அமெரிக்க பில்போர்டு தரவரிசையில் 4-ஆம் இடத்தில் இருந்தது. ஜெர்மனியில் முதலிடம், பிரிட்டனில் இரண்டாமிடம். டிசம்பரில் சோவியத் அதிபர் கோர்பச்சேவ் கிரெம்ளினுக்கே குழுவை அழைத்துப் பேசினார். சில நாளில் அவர் பதவியும் போனது, சோவியத் யூனியனும் போனது. டிவி செய்திக்குப் பின்னணி இசை போட்ட மாதிரி ஆகிவிட்டது. கேட்டவர்கள் தங்கள் கண்ணில் பட்ட காட்சியோடு பாட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள்.

அமெரிக்க உளவுத்துறை எழுதிக் கொடுத்த பாட்டு என்ற வதந்திக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். படிக்கச் சுவைதான், மைனே அதைச் சிரித்தே மறுத்துவிட்டார். அந்த இடத்தில் விசிலைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கலாம். ஹெட்போன் மாட்டிக் கேட்டால் தெரியும்: கிதார் மெல்லத் தொடங்க, அதன்மேல் அந்த விசில் கொஞ்சம் காற்று கலந்து, தனியாக நடந்து போகிறவர் அடிப்பது போல வருகிறது. ராக் பாட்டுக்கு இது எதற்கு என்று கம்பெனி எடுக்கச் சொன்னதாம். எடுத்துப் பார்த்தார்கள், பாட்டு வெறிச்சோடிப் போனது; திரும்பச் சேர்த்துவிட்டார்கள்.

சரி, என் பேச்சை நம்ப வேண்டாம். 2022-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு, மாஸ்க்வா ஆறும் கார்க்கி பூங்காவும் வரும் முதல் வரிகளை மைனே மேடையில் பாடுவதை நிறுத்திவிட்டு, அங்கே உக்ரைனை வைத்துப் பாடினார். பெர்லினைப் பற்றிய பாட்டாக இருந்தால் அவருக்கு அந்த வேலையே வந்திருக்காது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்