தொங்கு படுக்கையின் முனைக்கட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடைச் சுற்றுலாவிற்கென இப்போது பலரும் வாங்கும் துணித் தொங்கு படுக்கையில் முதுகு வளைகிறது என்னும் குறை, பெரும்பாலும் துணியினால் அன்று, அதன் முனைகளைச் சேர்த்துக் கட்டும் முறையினாலேயே வருகிறது. முனைத்துணியை அள்ளிச் சுருட்டி முடிச்சிட்டால் ஒருபுறம் இறுகி, மறுபுறம் தொய்ந்து, உடலை உறுத்தும் மேடுகள் எழுகின்றன. மாறாக, சேலைக்குக் கொசுவம் வைப்பதைப் போல் ஒரே அளவான சிறு மடிப்புகளாக அடுக்கி, கயிற்றைப் பலமுறை சுற்றி இறுக்கினால் பாரம் துணி முழுவதும் பரவும்.

விறைப்பாகக் கட்டுவதே வசதி என்று எண்ணுவது தவறு, ஆபத்தும்கூட. படுக்கையை மரத்தில் கட்டும் கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் படுப்பவரின் எடையளவு இழுவிசையே விழும். 10 பாகையானால் அது ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடுகிறது. தொய்வாகக் கட்டி மூலைவாட்டில் படுத்தால் உடல் கிட்டத்தட்டச் சமமாகக் கிடக்கும். மெக்சிகோவின் யுகட்டான் பகுதி மக்கள் தலைமுறைகளாக அவ்வாறுதான் உறங்குகின்றனர். 11 அடித் துணியின் இரு முனைகளுக்கு இடையே சுமார் 9 அடி நீளமுள்ள கயிற்றைப் பூட்டிவிட்டால், மரங்களின் இடைவெளி மாறினாலும் அந்தத் தொய்வு பெரிதாக மாறாது.

விற்பனையாளர்கள் இவ்விவரங்களைப் படத்துடன் தமிழில் அச்சிட்டு உறையில் சேர்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்