அண்ணா, உங்கள் படத்துக்கு நான் வரவில்லை

அண்ணா,

நேற்று பிப்ரவரி 13, பாலு மகேந்திரா சாரின் நினைவு நாள். ஆண்டுதோறும் கூப்பிடுவதுபோல் காலையிலேயே கூப்பிட்டீர்கள். ஆனால் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மேடையிலேயே சொல்லிவிட்டேன், இனி நீ மறுக்கக் கூடாது" என்றீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். உங்கள் படத்துக்குக் கேமராவை இயக்கும் ஆபரேட்டராக நான் வரவில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மாணவர்கள் முன்னால் நீங்கள் மைக்கில் பேசியது இப்போது எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. "சீரியலில் தொலைந்துபோன என் பிள்ளை திரும்பி வருகிறாள்" என்றீர்கள். கைதட்டினார்கள். என் பெயரை நீங்கள் சொல்லவில்லை. நம் வட்டத்தில் யாருக்கும் பெயர் தேவைப்படவும் இல்லை. அன்று மதியம் என் செட்டில் லைட்மேன்கள் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் ஒருவர் அவசரமாக ஒலியைக் குறைத்தார். அவர்களும் சீரியலில்தானே வேலை செய்கிறார்கள்? நான் தொலைந்தேன் என்றால் அவர்கள் என்ன ஆனார்கள்? அதனால்தான் பதிலையும் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

உங்கள் ஒளிப்பதிவில் நான் உதவியாளராக இருந்த படத்தில், கும்பகோணத்தில் ஜெனரேட்டர் நின்றுபோன மதியம் நினைவிருக்கிறதா என்று உங்களிடம் கேட்கமாட்டேன். உங்களுக்கு நினைவிருப்பது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள், நான் என் பக்கத்திலிருந்து பார்த்தேன். இயக்குநர் பேக்கப் சொல்ல வாயெடுத்துவிட்டார். பாட்டியாக நடித்த அம்மா தூணில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தார். வெயில் முற்றத்தில் மட்டும்தான் இருந்தது, கூடம் முழுவதும் இருட்டு. நீங்கள் வெள்ளை வேட்டிகள் இரண்டு வேண்டும் என்று கேட்டீர்கள். ஒன்றை முற்றத்துத் தரையில் விரித்தீர்கள். தரையிலிருந்து எழும்பும் வெளிச்சம் முகத்தைப் பேய்போல் காட்டுமே என்று எனக்குப் பதற்றம். நீங்கள் இன்னொன்றைக் கொடியில் போட்டு, வெயில் அதில் விழுந்து அந்த அம்மாவின் கண் மட்டத்துக்குத் திரும்பும்வரை நகர்த்திக்கொண்டே இருந்தீர்கள். நான் இடது பக்கம் வெளிச்சத்தைத் திருப்பத் தெர்மாக்கோல் பிடிக்கப் போனேன். "வேண்டாம். அந்தப் பக்கம் இருட்டாகவே இருக்கட்டும். அந்த வயதில் ஒரு பக்கம் இருட்டாகத்தான் இருக்கும்" என்றீர்கள்.

வெளிச்சம் அளக்கும் மீட்டரை நீட்டினேன். வாங்கவில்லை. "முதலில் கண்ணால் சொல்." லென்ஸ் திறப்பு 2.8 என்றேன். மீட்டர் அதற்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. நீங்கள் லென்ஸை நான் சொன்ன 2.8-இலேயே வைத்தீர்கள். எதுவும் சொல்லவில்லை. அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கேமராவின் ஃபிலிம் பெட்டியான மேகசினில் மிச்சம் 90 அடி. ஒரு நிமிடம். ஒத்திகை பார்க்காமல் ஓடவிட்டீர்கள். அந்த அம்மா நடிக்கவே இல்லை. முற்றத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விசிறி மட்டும் மெல்ல நின்றது. ஃபிலிம் தீர்ந்து கேமராவின் சத்தம் மாறிய பிறகும் நீங்கள் வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இயக்குநர் கட் சொல்லவும் மறந்துவிட்டார். நான் வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேகுக்குள் கைகளை விட்டு அந்தச் சுருளை டப்பாவில் அடைக்கும்போது விரல்கள் நடுங்கின. உள்ளே ஒரு கீறல் விழுந்தால் போச்சு. அந்த ஒரு நிமிடத்துக்கு மாற்றே கிடையாது. எடுத்ததை அப்படியே போட்டுக் காட்டும் ரஷ் பார்த்தபோது பக்கத்து இருக்கையில் இருந்த நீங்கள் என் தலையில் லேசாகத் தட்டினீர்கள். அதற்கு முன்பும் பிறகும் நீங்கள் என்னைப் பாராட்டியது கிடையாது.

அந்தப் படத்துக்கு எனக்கு வரவேண்டிய சம்பளம் வரவே இல்லை, அண்ணா. உங்களுக்கும் வரவில்லை. ஆனால் உங்களுக்கு அப்பா கட்டிய வீடு இருந்தது. தயாரிப்பாளர் யார் என்பதை இங்கே எழுதமாட்டேன். அங்கே இன்னும் நம் பையன்கள் சிலர் வேலை செய்கிறார்கள். படம் வெளியாகட்டும், வெளியாகட்டும் என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். வீட்டு உரிமையாளர் அதற்காகக் காத்திருக்கவில்லை. உங்களிடம் நேரில் சொல்லாமல் மேனேஜரிடம் சொல்லிவிட்டுச் சீரியலுக்குப் போனேன். மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் வந்து நின்றிருந்தால் நீங்கள் திட்டியிருக்கமாட்டீர்கள், "சரிம்மா" என்று மட்டும் சொல்லியிருப்பீர்கள், நான் போயிருக்கமாட்டேன், அம்மாவுக்கு மருந்து வாங்கப் பணம் இருந்திருக்காது. எனவே மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் மறுபடி அந்த நாள் வந்தாலும் மேனேஜரிடம்தான் சொல்வேன்.

சீரியலில் வெளிச்சமே கிடையாது என்று மாணவர்களிடம் சொன்னீர்கள். அவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். படத்தில் ஒரு நாளைக்கு 2 நிமிடம் தேறினால் நமக்கு நிறைவு. இங்கே ஓர் அத்தியாயம், விளம்பரம் போக 20 நிமிடத்துக்கு மேல், ஒரு நாளில் முடிந்தாக வேண்டும். காலை 9 மணிக்கு ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு நள்ளிரவுக் காட்சி எடுப்போம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கேமரா ஓடும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற வெளிச்சம் வேண்டும். இன்று எடுத்த முகம் அடுத்த வாரம் எடுக்கப்போகும் முகத்தோடு ஒட்ட வேண்டும். இவ்வளவும் நடந்த பிறகு, டியூப்லைட் எரிகிற கூடத்தில், திரையில் அந்த டியூப்லைட்டே பிரதிபலிக்க, அடுப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் அதைப் பார்ப்பார். கும்பகோணத்து இருட்டை அந்தத் திரையில் காட்டினால் அவருக்குக் கறுப்பு மட்டும்தான் தெரியும். நாங்கள் தட்டையாக வெளிச்சம் போடுவது சோம்பலால் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் என் செட்டுக்கு வரட்டும்.

ஃபிலிமில் நிழலைப் பார்த்து அளக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். வீடியோவில் வெள்ளை வெளிச்சம் மிகுந்து ஒருமுறை வெந்துபோனால் திரும்ப வராது. நீங்கள் பழக்கிய கையைத் தலைகீழாகப் பழக்கவேண்டி வந்தது, சொல்லித்தர யாரும் இல்லாமல். அந்த நாட்களில் உங்களைக் கூப்பிடவேண்டும் என்று எத்தனை இரவு நினைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு பிப்ரவரி 13 அன்றும் நாம் யாரைப் பற்றிப் பேசினோம்? 'கோகிலா'வுக்கும் 'மூன்றாம் பிறை'க்கும் ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது வாங்கியவர். 1988-இல் வந்த 'வீடு' படத்தில், பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தாத்தா நடந்து வருகிற காட்சியை எனக்கு ஷாட் ஷாட்டாக நிறுத்திக் காட்டியவர் நீங்கள். பாலு மகேந்திரா சார்தான் பிறகு சன் டிவிக்காக 'கதை நேரம்' செய்தார். தமிழ்ச் சிறுகதைகளை எடுத்துக்கொண்டு 52 குறும்படங்கள். சாதாரண வீடுகள், ஒரு ஜன்னல், இரண்டு மூன்று மனிதர்கள். சின்னத்திரை என்று அவர் தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. அவர் தொலைந்துபோனார் என்று நீங்கள் எந்த மேடையிலாவது சொன்னீர்களா? 1985-இல் 'சின்ன வீடு' ஒளிப்பதிவு செய்த பி.ஆர். விஜயலட்சுமி அம்மாவும் பிற்பாடு தொலைக்காட்சிக்கு வந்தவர்தான். என்னைப்போன்ற பெண்கள் கேமராவைத் தொடலாம் என்று நாங்கள் நம்பியதே அவரைப் பார்த்துத்தான். அவரையும் இந்தக் கணக்கில் சேர்ப்பீர்களா? வாராவாரம் ஒரு கதை எடுப்பதும் தினமும் ஓர் அத்தியாயம் எடுப்பதும் ஒன்றில்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். பாலு மகேந்திரா சாருக்குக் கிடைத்த சுதந்திரம் எனக்குக் கிடையாது. இருந்தாலும் கிடைத்த இடத்தில் செய்திருக்கிறேன்.

சமையலறையில் மாமியார் தனியாக உட்கார்ந்திருக்கும் காட்சி. ஜன்னல் துணியை எடுக்கச் சொன்னேன். எல்லா விளக்குகளையும் அணைத்தேன். கொல்லையில் வேட்டியைக் கட்டினேன். இயக்குநர் கால் மணி நேரம் கொடுத்தார். ஒரே கேமரா, ஒரு பக்கம் இருட்டு. மறுநாள் சேனலிலிருந்து இருட்டாக இருக்கிறது என்றார்கள், எடிட்டிங்கில் வெளிச்சத்தை ஏற்றிவிட்டார்கள், நிழல் சாம்பல் நிறமாகிவிட்டது. ஆனாலும் அது அங்கே இருந்தது. நம் தொழிலில் இருப்பவர்கள் பார்த்தால் யாரிடம் கற்ற கை என்று தெரிந்திருக்கும். அந்த அத்தியாயத்தை நீங்கள் பார்த்தீர்கள் என்று அண்ணி பிறகு சொன்னார். எழுந்துபோய்க் கண்ணாடியை எடுத்துவந்து மாட்டிக்கொண்டு பார்த்தீர்களாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த பிப்ரவரியில் கூப்பிட்டபோதும் சொல்லவில்லை. மேடையில் தொலைந்துபோன பிள்ளை என்று சொல்ல மட்டும் உங்களுக்கு மனம் வந்தது.

நீங்கள் ஏன் என்னை ஆபரேட்டராகக் கேட்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அண்ணி அதையும் சொல்லிவிட்டார். அதை இங்கே எழுதமாட்டேன். நீங்கள் அதை யாரிடமும் சொல்லாமல் "பிள்ளை திரும்பி வருகிறாள்" என்று சொன்னதும் அதனால்தான் என்று புரிகிறது. புரிந்ததால்தான் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது என் கண் என்று நேராகக் கேட்டிருந்தால், சம்பளம்கூடக் கேட்காமல் வந்திருப்பேனோ என்னவோ. என்னை மீட்டெடுப்பதாகச் சொல்லிக்கொண்டு கூப்பிடுகிறீர்கள். அப்படி வர முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் நின்றால் நான் மறுபடி உங்கள் உதவியாளர் ஆகிவிடுவேன். நீங்கள் தெர்மாக்கோல் வேண்டாம் என்றால் உடனே கீழே வைத்துவிடுவேன். இப்போது சில முகங்களுக்கு அது வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் இருட்டில் விடுகிற பக்கத்தில் நான் சில நேரம் ஒரு கண்ணையாவது காட்ட நினைக்கிறேன். அந்த வித்தியாசம் எனக்கு மெதுவாகத்தான் வந்தது, அதுவும் நீங்கள் மதிக்காத இடத்தில் வந்தது. அதை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை.

உங்கள் படம் நன்றாக வரும். டிஜிட்டலில் எடுக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். முற்றத்தில் எடுக்கும்போது வெள்ளை வேட்டி வெந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஃபிலிமில் தாங்கிய அளவு இதில் எதிர்பார்க்காதீர்கள்.

என்னிடம் இருக்கும் உதவியாளர் பெண்ணை உங்களிடம் அனுப்புகிறேன். அவளிடம் பேசிவிட்டேன், வருகிறேன் என்கிறாள். கேட்டால்தான் பேசுவாள், ஃபோகஸ் பிசகாது, ஃப்ரேமின் ஓரத்தில் எது நுழைந்தாலும் முதலில் பார்ப்பவள் அவள்தான். நீங்கள் எதற்காக ஆபரேட்டர் தேடுகிறீர்கள் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை, நீங்களே சொல்லுங்கள், முதல் நாளே சொல்லுங்கள். சம்பளத்தை மாதாமாதம் கொடுத்துவிடச் சொல்லுங்கள், அண்ணா. படம் வெளியாகட்டும் என்று அவளிடம் சொல்லாதீர்கள்.